எஸ்டேட் டீச்சரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

கேரளத்து இடுக்கி மலைகளில், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு, மறையூர் பக்கம் தோட்டங்களில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு டீச்சரைத் தெரிந்திருக்கும். பாட்டன் காலத்தில் கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போனவர்) மலையேறிய குடும்பம், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறப்பு, கஷ்டப்பட்டுப் படிப்பு, கடைசியில் தான் படித்த டிவிஷன் (எஸ்டேட்டின் ஒரு பிரிவு) பள்ளிக்கூடத்துக்கோ அதற்கு அடுத்த டிவிஷனுக்கோ டீச்சர் வேலை. இப்போது எழுபது எண்பது வயதாகி போடியிலோ தேனியிலோ சங்கரன்கோவில் பக்கமோ மகன் வீட்டில் இருப்பார், இல்லையென்றால் மலையிலேயே ஒரு காலனி வீட்டில் இருப்பார். இவருடைய வாழ்க்கையை எழுதி வைக்க நினைக்கும் பேரன் பேத்திகளுக்காகவும் பழைய மாணவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு போன், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

ஏன் டீச்சர் என்று கேட்கலாம். ஒரு டிவிஷனில் எழுதுவது என்ற வேலை பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. பிள்ளையின் பேர் எந்த எழுத்தில், இனிஷியல் எது, பிறந்த தேதி என்ன என்று ரிஜிஸ்டரில் பதிந்தது அவர். ஊருக்கு மணியார்டர் ஃபாரம் நிரப்பியது, வந்த கடிதத்தை வாசித்துச் சொன்னது, கம்பெனிக்கும் சர்க்காருக்கும் மனு எழுதிக் கொடுத்தது எல்லாம் பல இடங்களில் அவர்தான். அவருடைய கதையை ஒழுங்காக எழுதினால் அந்த டிவிஷனில் இருந்த நூறு வீட்டுக் கதையும் கூடவே வரும். பணி ஓய்வு மலரில் வருகிற "அர்ப்பணிப்பும் அன்பும் நிறைந்த ஆசிரியை" என்ற மாதிரி வரிகளில் அது வராது. அந்த வரியை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இவருக்கு மட்டுமே பொருந்துகிற விஷயங்கள்தான் நமக்கு வேண்டும்.

காகிதத்தை முதலில் பிடியுங்கள்

பேச்சுக்கு முன்னால் காகிதம். காரணம் இருக்கிறது. லயத்து வீடு கம்பெனி வீடு, வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். அப்படிக் காலி செய்யும்போதுதான் டிரங்குப் பெட்டிகளும் பழைய போட்டோக்களும் காணாமல் போகின்றன. அடுத்தது மழை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது 70 பேர் போனார்கள், அவர்களோடு அந்த வீடுகளில் இருந்த ஒவ்வொரு காகிதமும் போனது. அது நடந்த பிறகும் நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் வரக் கூடாது.

தேட வேண்டியவை இவை: நியமன உத்தரவு, மாற்றல் உத்தரவுகள், ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ், சர்வீஸ் புக் நகல் இருந்தால் அது, பென்ஷன் உத்தரவு, பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், வகுப்பு போட்டோ, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு. அம்மா அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்றால் அவர்களுடைய பி.எஃப்., கிராஜுவிட்டி காகிதங்களும் சம்பளச் சீட்டுகளும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல குடும்பங்களுக்குப் பாட்டன் பேர் எழுத்தில் கிடைக்கிற முதல் இடம் அந்தப் பதிவாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். ஜன்னல் ஓரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில், ஃப்ளாஷ் இல்லாமல். முன்பக்கம் எடுத்ததும் பின்பக்கமும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பென்சிலில் கிறுக்கிய தேதியும் பின்பக்கத்தில்தான் இருக்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவை உரிக்கவே உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடி வழியாகவே, போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். லாமினேஷன் வேண்டாம். மலைக் குளிரில் ஈரம் ஏறிய காகிதத்தை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட வைத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

வகுப்பு போட்டோ கிடைத்தால் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு டீச்சர் முன்னால் வைத்து, வரிசையாக யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். அந்த ஒரு போட்டோவிலேயே ஒரு மத்தியானம் போய்விடும், போகட்டும்.

தேதிகளைச் சரிபார்ப்பது

இதில்தான் அதிகமாகக் குழம்பும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருவிதாங்கூர் காலத்துக் காகிதங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, இருக்கும். சிங்ஙம், அதாவது நம் ஆவணி, ஆண்டின் தொடக்கம். சிங்ஙத்திலிருந்து டிசம்பர் முடிகிற வரை உள்ள தேதி என்றால் கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்த பிறகு கர்க்கடகம் (ஆடி) வரை என்றால் 825. தனு (மார்கழி) மாதம் மட்டும் இரண்டு ஆங்கில வருடத்திலும் கால் வைக்கும், அங்கே நாளையும் பார்க்க வேண்டும். 1120 மகரம் என்று இருந்தால் 1945 ஜனவரி-பிப்ரவரி. அதே 1120-ல் கன்னி மாதம் என்றால் 1944. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் அண்ணனுக்கு முன்னால் தம்பி பிறந்துவிடுவான். பெரியவர்கள் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று சொல்வதும் இந்தக் கணக்குதான்: கொல்லம் 1099, 1924 ஜூலை. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய சின்ன ரயிலை அந்த வெள்ளம்தான் கொண்டுபோனது. தாத்தா அந்த ரயிலைப் பார்த்தவர் என்று வீட்டில் சொன்னால் அவர் 1924-க்கு முன்பே மலையில் இருந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

காகிதம் இல்லாத இடத்தில் குறிஞ்சி உதவும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை நீலக்குறிஞ்சி பூப்பது 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என்று வரும். "வேலைக்குச் சேர்ந்த வருஷம் குறிஞ்சி பூத்ததா, அதற்கு முன்னாலா பின்னாலா" என்று கேட்டுப் பாருங்கள், தேதியே நினைவில்லாதவர்கள்கூட இதற்குப் பட்டென்று பதில் சொல்வார்கள். சில சரிவுகளில் வேறு வருடங்களிலும் கொஞ்சம் பூப்பது உண்டு, அதனால் இந்த ஒன்றை மட்டும் நம்பாமல் இன்னொரு சம்பவத்தோடு சேர்த்துப் பாருங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர். எமர்ஜென்சி 1975. அம்மா அப்பாவின் முதல் சம்பளத்தை ரூபாய் அணாவில் சொன்னால் 1957-க்கு முன், இப்படி.

நினைவு தவறுவதையும் இதே மாதிரி மெதுவாகப் பிடிக்கலாம். 1920-ல் மாமனார் போடியில் ரயிலை விட்டு இறங்கி மலையேறினார் என்று கதை வந்தால், மதுரை-போடி ரயில் பாதை வந்ததே 1928-ல்தான். அதற்காகக் கதை பொய் என்று ஆகாது. மதுரையிலோ வேறு ஸ்டேஷனிலோ இறங்கியிருக்கலாம், இல்லை வந்தது 1930-களாக இருக்கலாம். இரண்டையும் எழுதி, எது எதனால் என்று குறித்து வையுங்கள்.

பிறந்த தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கேரளத்துப் பள்ளி ரிஜிஸ்டர்களில் மே மாதத்தில் பிறந்தவர்கள் ஏராளம், ஏனென்றால் ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக வர வேண்டும் என்று ஆசிரியர்களே ஒரு மே தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் டீச்சரின் சொந்தத் தேதியும் அப்படி இருக்கலாம், அவர் மற்ற பிள்ளைகளுக்குப் போட்ட தேதியும் அப்படி இருக்கலாம். ஓய்வு பெற்ற தேதியிலிருந்து அப்போதைய ஓய்வு வயதான 55-ஐக் கழித்தும் பிறந்த நாளைக் கண்டுபிடிக்க முடியாது, கல்வியாண்டு நடுவில் வயது முடிந்த ஆசிரியர்கள் ஆண்டு முடியும் வரை வேலையில் தொடர்ந்தார்கள். நிஜத் தேதி எதுவென்று அவரிடமே கேளுங்கள். "தைப்பூசத்துக்கு மறுநாள்" என்று வந்தால் அதை அப்படியே எழுதுங்கள்.

உட்கார்ந்து பேசுவது

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள். எந்த டீச்சரும் நிமிர்ந்து உட்கார்ந்து மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிடுவார். ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள். "ஜூன் மாசம், நல்ல மழை. காலையில் எழுந்ததிலிருந்து முதல் மணி அடிக்கிற வரைக்கும் என்னென்ன செய்வீங்க டீச்சர்?" இதிலிருந்து எல்லாம் வரும்: விறகு ஈரமாக இருந்தது, அட்டைக்குக் காலில் என்ன தடவினார்கள், எந்தக் குறுக்குப் பாதையில் யானை நிற்கும், யாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார், காலையில் வேலைக்குக் கூடிப் பேர் கொடுக்கிற மஸ்டருக்கு அம்மாக்கள் இருட்டிலேயே கிளம்பிப் போனதால் எத்தனை பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்தார்கள், நனைந்து வந்த பிள்ளையை என்ன செய்தார்.

அப்புறம் வகுப்பறைக்குள் போங்கள். ஒரே அறையில் எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பு சிலேட்டில் எழுதும்போது மற்றதுக்கு என்ன வேலை கொடுப்பார், தமிழ்ப் பாடப் புத்தகம் எந்த மாதம் கைக்கு வரும், வராத வரைக்கும் எதை வைத்து நடத்தினார். தேயிலைக் கொழுந்து அதிகமாக வருகிற மாதங்களில் பிள்ளைகள் வருவது குறைந்ததா, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அக்காமார்களை உள்ளே உட்காரவிட்டாரா, மேலிருந்து கேள்வி வந்ததா. மத்தியானச் சாப்பாடு உப்புமா காலமா, கஞ்சியும் பயறும் காலமா, யார் சமைத்தார்கள். நாலாம் வகுப்போடு எல்.பி. (லோயர் பிரைமரி) முடிந்ததும் அடுத்த பள்ளிக்கு எத்தனை மைல், பெண் பிள்ளைகள் எத்தனை பேர் அதைத் தாண்டிப் போனார்கள். எனக்கு எப்போதும் மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிக் கேள்விதான். நிறைய டீச்சர்கள் வீடு வீடாகப் போய் அப்பா அம்மாவிடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எந்த வீட்டில் ஜெயித்தார், எந்த வீட்டில் முடியவில்லை என்பதை இன்றைக்கும் மறக்காமல் வைத்திருப்பார்கள்.

அவர் படித்த கதையைத் தனியாக ஒரு நாள் கேளுங்கள். ஆசிரியப் பயிற்சிக்கு எந்த ஊருக்குப் போனார், யார் வீட்டில் தங்கினார், அனுப்புவதற்கு வீட்டில் யார் ஒத்துக்கொண்டார், யார் மறுத்தார், நகை எது அடகு போனது. முதல் சம்பளம் யார் கைக்குப் போனது. கல்யாணப் பேச்சில் வேலையை விடச் சொன்னார்களா. பிரசவத்துக்கு எத்தனை நாள் லீவு கிடைத்தது, திரும்பி வந்தபோது குழந்தையை யார் பார்த்தார்கள். பள்ளியில் கழிப்பறை இல்லாத நாட்களை எப்படிச் சமாளித்தார் என்பதைப் பெண்கள் மட்டும் இருக்கும்போது ஒரு பெண் கேட்க வேண்டும், ஆண்கள் எழுந்து போய்விடுங்கள்.

நேரம் நாற்பது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், இருமல் வந்தாலோ பதில் சுருங்கினாலோ நிறுத்திவிடுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மேசையில் மடித்த துணி மேல் வைத்து, முதலில் தேதியும் இடமும் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தகரக் கூரை வீடு என்றால் மழை நேரத்தில் பதிவு செய்ய முடியாது, ஒன்றும் கேட்காது. அன்றைக்கே இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனோ மருமகளோ குறுக்கே வந்து "அப்படி இல்லம்மா, அது அப்புறம்" என்று திருத்துவார்கள். சண்டை வேண்டாம். அவர் சொன்னதையும் எழுதுங்கள், இவர் சொன்னதையும் யார் சொன்னது என்று போட்டு எழுதுங்கள்.

அவருடைய பேச்சில் மலையாளம் கலந்து வரும், அதைத் தூய்மைப்படுத்த வேண்டாம். அவருடைய வருடம் ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை, முழுப் பரீட்சை என்றுதான் ஓடியது. வீட்டு வருடம் தீபாவளி, பொங்கல், எஸ்டேட் மாரியம்மன் திருவிழா என்று ஓடியது. ஓணப் பரீட்சையைக் "காலாண்டுத் தேர்வு" என்று நீங்கள் மாற்றி எழுதினால் அது தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடமாகிவிடும், அவர் வேலை பார்த்த இடம் அது அல்ல. சக ஆசிரியரை "மாஷ்" என்று சொன்னால் மாஷ் என்றே இருக்கட்டும்.

முதலில் வந்த குடும்பம் என்று எழுதுவதற்கு முன்னால்

எல்லா வீட்டிலும் "நாங்கதான் இந்த எஸ்டேட்டுக்கு முதல்ல வந்தோம்" என்று ஒரு பேச்சு இருக்கும். பெருமைதான், அதைக் குறைக்க வேண்டாம். ஆனால் எழுதும்போது கவனம் வேண்டும். பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து மன்றோ துரை இந்த மலைகளை எழுதி வாங்கியது 1877. அதன் பிறகு 1879-ல் ஒரு தோட்டச் சங்கம், 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி. இதற்கெல்லாம் முன்பே முதுவர் பழங்குடியினர் இங்கே குடியிருந்து பயிர் செய்தார்கள், துரைமார்களுக்கு வழி காட்டியதும் அவர்கள்தான். மறையூர், காந்தளூர் பக்கம் அஞ்சு நாடு என்று சொல்கிற ஊர்கள் தோட்டத்துக்கும் மூத்தவை. அதனால் "ஆளே இல்லாத காட்டைத் திருத்தினார்கள்" என்ற வரியை எழுதாதீர்கள். "இந்த டிவிஷன் திறந்தபோது வந்த குடும்பங்களில் ஒன்று" என்று எழுதினால் உண்மையும் கெடாது, பெருமையும் குறையாது. டீச்சரிடம் முதுவப் பிள்ளைகள் படித்தார்களா, தங்கள் குடியிலிருந்து (முதுவர் ஊர்) எவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள், ஏன் நின்றுபோனார்கள் என்பதையும் கேளுங்கள்.

குடும்பம் வந்த கதையில் கேட்க வேண்டியவை: எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணி, எவ்வளவு முன்பணம், அந்தக் கடன் எப்போது தீர்ந்தது. போடி, கொட்டகுடி வழியாக டாப் ஸ்டேஷன் ஏறினார்களா, உடுமலை வழியாகவா. வழியில் யார் இறந்தார்கள். ஊரில் விட்டு வந்த நிலம், கோயில், குலதெய்வம் என்ன ஆனது.

சாதியைத் தவிர்க்காதீர்கள். தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பங்கு ஒடுக்கப்பட்ட மக்கள். லயத்திலிருந்து ஒரு பெண் டீச்சரானபோது ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் எப்படி நடத்தினார்கள், யார் வீட்டுத் தண்ணீரை யார் குடித்தார்கள், மத்தியானச் சாப்பாட்டில் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தார்களா என்பது அந்த வாழ்க்கையின் நடுவில் இருக்கிற விஷயம். அவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், சொன்னால் மென்மையாக்கி எழுதவும் வேண்டாம்.

பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றி எழுதுவது வீண் வேலை. தாத்தா கூலியைச் சக்கரத்தில் சொன்னால், ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை, அவ்வளவு குறிப்பு போதும். அந்தக் கூலியில் என்ன வாங்கினார்கள் என்பதைக் கேளுங்கள், அரிசி எத்தனை படி, கம்பளி யார் கொடுத்தது என்று.

எல்லைக் கேள்வி

ஒரே இடத்தில் வாழ்ந்தவருக்கு முகவரி மூன்று நான்கு முறை மாறியிருக்கும். 1949 ஜூலை வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம், அதில் கோட்டயம் மாவட்டம், 1972 ஜனவரி 26 முதல் இடுக்கி. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் பழைய காகிதம் தேடி இடுக்கியில் அலைவீர்கள், அது கோட்டயத்தில் இருக்கும். திருவிதாங்கூர் சர்க்கார் ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும்.

தேவிகுளமும் பீர்மேடும் சென்னை மாகாணத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதும், 1954 ஆகஸ்ட் 11-ல் தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்ததும், கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையின் ஒரு பகுதி போய் இந்த இரண்டு தாலுகாவும் கேரளத்திலேயே நின்றதும் வரலாறு. இதைப் பற்றி உங்கள் கருத்தை டீச்சர் வாயில் திணிக்க வேண்டாம். அந்த வருடங்களிலும் அதற்குப் பிறகும் பள்ளியில் என்ன மாறியது என்று மட்டும் கேளுங்கள்: உத்தரவுகள் எந்த மொழியில் வந்தன, மலையாளம் எப்போது எழுதப் படித்தார், யார் கற்றுக்கொடுத்தார், தமிழ்ப் பிரிவை மூடப் பார்த்தார்களா, பிள்ளைகளைச் சேர்த்து எண்ணிக்கை காட்டி அதை எப்படிக் காப்பாற்றினார்கள். தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது, அந்தப் பிரிவு 1956-ல்தான் வந்தது. இந்த மலைகளில் அந்தப் பிரிவுக்கு ரத்தமும் சதையும் கொடுத்தவர்கள் இந்த டீச்சர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே போல 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 6 முதல் 12 வயது வரை உள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் முதலாளி கல்வி வசதி செய்து தர மாநில அரசு விதி செய்யலாம் என்று இருந்தது. உங்கள் பள்ளி கம்பெனி நடத்தியதா, சர்க்கார் பள்ளியா, எய்டட் பள்ளியா, எப்போது கை மாறியது, சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதை அவரிடம் வாங்கிவிடுங்கள். இதைச் சொல்ல அவர் தலைமுறைக்குப் பிறகு ஆள் இல்லை.

பள்ளி ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்றால் தலைமை ஆசிரியரிடம் நேரில் போய் மரியாதையாகக் கேட்பதே நல்ல வழி. சர்வீஸ் புக் நகல் வேண்டும் என்றால் டீச்சரே கையெழுத்துப் போட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ரிஜிஸ்டரில் மற்றவர்களின் சாதி, பிறப்பு விவரம் எல்லாம் இருக்கும். அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடாதீர்கள்.

வலிக்கிற இடங்கள்

1984 நவம்பர் 7 அன்று மூணாறில் ஹெலிகாப்டர் பார்க்க ஓடிய பள்ளிப் பிள்ளைகளோடு தொங்குபாலம் அறுந்து விழுந்து 14 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் காலத்தில் மூணாறு வட்டாரத்தில் வேலை பார்த்த எந்த ஆசிரியருக்கும் அது ஏதோ ஒரு விதத்தில் தன் வீட்டுச் சாவு. இதை நீங்களாக எடுக்காதீர்கள். அவர் தொட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், "பதிவை நிறுத்தட்டுமா" என்று கேட்டுவிட்டு அவர் சொன்னபடி செய்யுங்கள். பெட்டிமுடியும் அப்படித்தான். தன்னிடம் படித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதில் இருந்திருக்கலாம்.

எது எழுத்தில் வரலாம், எது வரக் கூடாது என்று முடிவு செய்கிற உரிமை அவருக்கு மட்டும்தான், மகனுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. எழுதி முடித்ததை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். உயிரோடு இருக்கும் மாணவர்களின் தோல்வி, குடும்பச் சண்டை போன்றவை வந்தால் பேரை எடுத்துவிடுங்கள்.

எழுதும்போது

அறுபது பக்கம் போதும். பிறப்பில் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை, வேலைக்குச் சேர்ந்த நாளில் தொடங்கலாம். ஆண்டு வரிசையைப் பின்னால் ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டால் உள்ளே கதை தன் போக்கில் முன்னும் பின்னும் போகலாம். அவர் பேச்சு வருகிற இடத்தில் அவர் பேசிய மாதிரியே எழுதுங்கள், உங்கள் விளக்கம் வருகிற இடத்தில் எழுத்துத் தமிழில் எழுதுங்கள், இரண்டும் கலந்தால் யார் பேசுவது என்று தெரியாது. லயம், கங்காணி, மஸ்டர், செக்ரோல் (வேலையாள் பேர்ப் பதிவேடு), கொழுந்து எல்லாம் அப்படியே இருக்கட்டும். சமவெளியில் வளரும் பேரப் பிள்ளைகளுக்காகப் பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதலாம். கையால் போட்ட ஒரு வரைபடம் கட்டாயம் வேண்டும்: பள்ளி, லயங்கள், ஃபேக்டரி, மஸ்டர் இடம், கிரெச், கோயில், ஆறு, அவர் நடந்த பாதை. டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரையே பென்சில் பிடிக்கச் சொன்னால் இன்னும் நல்லது, போர்டில் படம் போட்ட கை அது.

பெரிய பதிப்பகம் எல்லாம் தேட வேண்டாம். தேனியிலோ மூணாறிலோ டி.டி.பி. கடையில் ஐம்பது பிரதி போட்டாலே குடும்பத்துக்கும் பழைய மாணவர்களுக்கும் போதும். அதில் ஒன்றை அந்தப் பள்ளிக்கூடத்துக்கும், ஒன்றை உள்ளூர் கிரந்தசாலைக்கும் (நூலகத்துக்கும்), ஒன்றைச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் தபாலில் அனுப்புங்கள். ஒலிப்பதிவுகளை ஒரு பென்டிரைவிலும் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் போட்டு, மலையில் ஒரு வீட்டிலும் கீழே ஒரு வீட்டிலுமாகப் பிரித்து வையுங்கள். வகுப்பு போட்டோவில் பேர் தெரியாத பிள்ளைகள் மிச்சம் இருந்தால் அந்தப் பக்கத்தில் இடம் விட்டு அச்சடியுங்கள், புத்தகம் கைக்குப் போனதும் ஒவ்வொருவராகப் போன் செய்து பேர் சொல்வார்கள்.